பகைவன் வீட்டுக் குழந்தை

படக்காட்சியைக் கண்டு கண்ணீர் விடுவது அப்படம் உயர்ந்தது என்பதற்குச் சான்றாகாது. தாயை இழந்த குழந்தை ஒன்றைத் திரையில் நிறுத்திப் பின்னால் பிடிலை இழுத்துவிட்டால் கல்லும் கரையும். அவ்வாறு விட்ட கண்ணீர் பெரும்பாலும் கொட்டகை வாயிலைக் கடக்குமுன் உலர்ந்துவிடுகிறது. ஆகவே, "மின்மினிகளின் கல்லறை" என்னும் ஜப்பானியப் படத்தைப்பற்றி எழுதப் புகும் நாம், அது கண்டாரைக் கலங்க வைக்கிறது என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் ஒன்றும் சொன்னவராக மாட்டோம். மேலும், மலேசிய, சிங்கப்பூர்த் தமிழராகிய நமக்கு இப்படத்தின்முன் அமரும்போது ஐரோப்பியனுக்கோ அமெரிக்கனுக்கோ எழாத கேள்வி ஒன்று எழுகின்றது. பகைவன் வீட்டுக் குழந்தைக்காக நாம் அழலாமா?

கேள்வி கொடியதுதான். ஆனால் அது எழுவதற்குக் காரணம் உண்டு. 1941-ஆம் ஆண்டு டிசம்பர் 8-ஆம் நாள் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கிற்று. 1942-ஆம் ஆண்டு பிப்ரவரி 15-ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. அதன்பின் மூன்றரை ஆண்டுக்காலம் இந்நாட்டு மக்கள் அரிசியைக் கனவிலும் மரவள்ளிக் கிழங்கைத் தட்டிலும் கண்டு வாழ்ந்தனர். தோட்டத்து லயங்களிலிருந்து ஆடவர் பலர் மூன்று மாத வேலை, நல்ல கூலி என்று சொல்லப்பட்டும், பிடித்து ஏற்றப்பட்டும், சயாமிலிருந்து பர்மாவுக்குப் போடப்பட்ட 415 கிலோமீட்டர் இரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டனர். வாந்திபேதியிலும் பசியிலும் அங்கே மாண்ட தமிழர் பல்லாயிரவர். இன்றும் சில வீடுகளில் பாட்டனார் ஒருவரைப்பற்றிக் கேட்டால், "சயாமுக்குப் போனவர்" என்ற ஒரே சொற்றொடர்தான் விடையாகக் கிடைக்கும். இறந்த நாளும் இல்லை, புதைத்த இடமும் இல்லை. அவரைக் கொண்டுபோன நாட்டிலிருந்து, தங்கள் பிள்ளைகள் பட்டினியால் செத்த கதையைச் சொல்லும் படம் வருகிறது. நாம் எப்படி அமர்ந்து காண்பது?

முதலில் படத்தைப்பற்றிச் சில செய்திகள். இஸாவோ தகாஹாதா என்பவர் இயக்கி, ஜிப்லி நிலையத்தார் 1988-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் வெளியிட்ட சித்திரப்படம் இது. நடிகரைக் கொண்டு பிடித்ததன்று. கையால் வரைந்த ஓவியங்களை ஓடவிட்டு ஆக்கியது. ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் ஓடும். இதன் மூலக்கதையை எழுதியவர் அகியுகி நோசாகா. 1967-ஆம் ஆண்டில் வெளிவந்த அக்கதை, அவருக்கு நவோகி பரிசைத் தேடித் தந்தது. ஜப்பானியர் இப்படத்தைக் குழந்தைகள் குதூகலிக்கும் "என் அண்டைவீட்டுத் தோத்தோரோ" என்னும் படத்தோடு இணைத்து ஒரே சீட்டில் காட்டினார்களாம்! பாயசத்தையும் நஞ்சையும் ஒரே பந்தியில் பரிமாறிய அந்தத் துணிவை என்னென்பது?

கதை மிகச் சிறிது. கோபே என்னும் துறைமுக நகரம். 1945-ஆம் ஆண்டு. பதினான்கு வயதுச் சிறுவன் ஸெய்தா. நான்கு வயதுத் தங்கை ஸெட்ஸுகோ. தந்தை கடற்படை அதிகாரி, போர்க்கப்பலில் இருக்கிறார். அமெரிக்க விமானங்கள் சொரிந்த தீக்குண்டுகளில் நகரம் எரிகின்றது. தாய் வெந்து மடிகிறாள். பிள்ளைகள் நிஷினோமியாவில் உறவுக்காரப் பெண் ஒருத்தி வீட்டில் ஒண்டுகிறார்கள். அங்கே இருக்க முடியாமல் வெளியேறி, குளக்கரையில் குடைந்து கைவிடப்பட்ட பதுங்குகுழி ஒன்றில் தனிக்குடித்தனம் நடத்துகிறார்கள். தங்கை பட்டினியால் சாகிறாள். அண்ணன் அவளைத் தானே எரிக்கிறான். பின்னர் அவனும் சன்னோமியா இரயில் நிலையத்தின் தூணில் சாய்ந்தபடியே சாகிறான்.

இம்முடிவைச் சொல்லிவிட்டோமே என்று நேயர்கள் நம்மைக் கடிந்துகொள்ள வேண்டியதில்லை. படமே அதைத்தான் முதலில் சொல்கிறது. 1945-ஆம் ஆண்டு செப்டம்பர் 21-ஆம் நாள் இரவு தான் இறந்ததாகச் சிறுவனின் ஆவி கூறுவதோடுதான் படம் தொடங்குகிறது. வழிப்போக்கர் அவனைச் சுற்றிக்கொண்டு நடக்கிறார்கள். அமெரிக்கர் வந்துவிடுவர், இப்படிப்பட்டவர்கள் இங்கே கிடப்பது வெட்கக்கேடு என்று ஒருவர் முணுமுணுக்கிறார். நிலையத்தைத் துப்புரவு செய்யும் ஆள் பிணத்தின் மடியில் ஒரு மிட்டாய்த் தகரத்தைக் கண்டெடுத்து இருட்டில் வீசுகிறான். தகரம் புல்லில் விழுகிறது. மூடி கழன்று எலும்புத்துண்டுகள் சிதறுகின்றன, மின்மினிகள் எழும்புகின்றன. பிழைப்பார்களா என்னும் ஆவலை இயக்குநர் இவ்வாறு முதல் ஐந்து நிமிடத்திலேயே கொன்றுவிட்டார். எஞ்சியிருப்பது, எப்படிச் செத்தார்கள், யார் கையால் செத்தார்கள் என்னும் விசாரணை ஒன்றே.

இந்த விசாரணையில்தான் படத்தின் உயர்வு இருக்கிறதென்பது நம் கருத்து. குண்டு விழும் காட்சி தொடக்கத்திலேயே முடிந்துபோகிறது. அதற்குமேல் ஏறத்தாழ முழுப்படமும் அரிசியைப்பற்றியது. இறந்த தாயின் பட்டு உடைகளை விற்று அரிசி வாங்குகிறாள் உறவுக்காரி. அம்மாவின் உடைகளைக் கொண்டுபோகாதே என்று நான்கு வயதுக் குழந்தை அழுது தடுக்கிறது. அரிசி வந்ததும் ஜாடி நிறைகிறது. ஸெய்தாவின் கண்ணும் நிறைகிறது. ஆனால் சில நாளில் சோறு, வீட்டில் நாட்டுக்காக வேலை செய்யும் மகளுக்கும் குடியிருப்பவனுக்கும் போகிறது. இந்த இருவருக்கும் நீர்த்த கஞ்சியே வருகிறது. நாட்டுக்கு உழைப்பவர்க்கும் சும்மா இருப்பவர்க்கும் ஒரே சோறா என்பது அவள் நியாயம். அவளை இராட்சசியாக வரைந்திருந்தால் நமக்கு எளிதாக இருந்திருக்கும். தகாஹாதா அவ்வாறு வரையவில்லை. அவள் சாதாரணப் பெண். கையில் உள்ளதைக் கணக்குப் பார்த்துப் பங்கிடுகிறாள். பிள்ளைகள் வண்டியை இழுத்துக்கொண்டு வெளியேறும்போது, ஒரு கணம் நின்று அவர்கள் போன திக்கைப் பார்க்கிறாள். அந்தப் பார்வையில் உறுத்தல் உண்டு. ஆனால் "திரும்பி வாருங்கள்" என்ற சொல் மட்டும் இல்லை. ஆட்சி எந்தக் கணக்கை நாடு முழுவதும் போட்டதோ, அதே கணக்கைத்தான் அவள் அடுப்படியில் போட்டாள்.

அடுத்து ஸெய்தா. இவனைக் குற்றமற்ற தேவகுமாரனாகக் கருதி உருகுவோர், படத்தைப் பாதிதான் பார்த்தவராவர். இவனிடம் பணம் இருந்தது! தாய் சேமித்து வைத்த 7,000 யென் வங்கியில் இருந்தது. இவனுக்கு வேலை செய்யும் வயதும் இருந்தது. ஆனால் தலைகுனிய மனம் இல்லை. தொழிற்சாலை எரிந்தது, பள்ளிக்கூடம் எரிந்தது என்று சொல்லிப் படுத்துக் கிடக்கிறான். வயல்காரர் ஒருவர், இப்போதெல்லாம் எல்லாம் பங்கீடு, நீ அந்த வீட்டுக்கே திரும்பிப்போய்ப் பணிந்து கேள் என்று புத்தி சொல்கிறார். அவன் போகவில்லை. கடற்படை அதிகாரி மகன் பணிவதா? தங்கையின் உடம்பில் சொறியும் வயிற்றில் கழிச்சலும் கண்டபின்னும் அவன் பணியவில்லை, திருடினான். வயலில் கிழங்கு திருடி அகப்பட்டு அடிபட்டான். விமானத் தாக்குதல் நடக்கும்போதெல்லாம் ஊரார் குழிகளில் பதுங்கியிருக்க, இவன் வெற்று வீடுகளில் நுழைந்து கையில் அகப்பட்டதை வாரிக்கொண்டு வந்தான். ஊரை எரிக்க வந்த விமானத்தைப் பார்த்து உற்சாகமாகக் கூவவும் செய்தான்.

தம் படம் போரெதிர்ப்புப் படமன்று என்று தகாஹாதா பலமுறை கூறியிருக்கிறார். உலகத்தார் இதை ஏதோ அடக்கமென்று எடுத்துக்கொண்டனர். அடக்கமில்லை, உண்மையாகவே சொன்னார். உறவுகளின் தொல்லை வேண்டாமென்று ஒதுங்கித் தனக்கென்று ஓர் உலகம் அமைத்துக்கொள்ளும் பிள்ளை ஸெய்தா என்றும், 1980-களில் வாழ்ந்த இளைஞரும் அத்தகையவரே என்றும் அவர் எண்ணினார். மற்றொன்றும் சொன்னார்: இவ்வகைப் படங்கள் போரை நிறுத்தமாட்டா, போரைத் தொடங்குவோர், இப்படிப்பட்ட துன்பம் மீண்டும் நேராமல் தடுக்கவே தொடங்குகிறோம் என்றுதான் சொல்வார்கள் என்பது. ஒன்பது வயதில், 1945-ஆம் ஆண்டு ஜூன் 29-ஆம் நாள், ஒக்காயாமா நகரம் எரிந்தபோது தீயினிடையே ஓடிப் பிழைத்தவர் இதைச் சொன்னார் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

ஸெய்தாவின் இறுமாப்பு எங்கிருந்து வந்தது? இதற்கு விடை படத்தின் மிக அழகிய காட்சியில் ஒளிந்திருக்கிறது. பதுங்குகுழியில் முதல் இரவு. விளக்கில்லை. கொசுவலைக்குள் மின்மினிகளைப் பிடித்து விடுகிறார்கள். அந்த ஒளியில், முன்னொரு நாள் தான் கண்ட கடற்படை அணிவகுப்பை ஸெய்தா நினைத்துக்கொள்கிறான். மின்மினிகளின் ஒளி கப்பல்களின் தீப அலங்காரமாக மாறுகிறது. தந்தை "மாயா" என்னும் போர்க்கப்பலில் வருகிறார். சிறுவன் கடற்படைப் பாட்டைப் பாடிக் கையால் சுடுவதுபோல் பாவனை செய்கிறான். விடிந்ததும் மின்மினிகள் செத்துக் கிடக்கின்றன. குழந்தை அவற்றைக் குழி தோண்டிப் புதைக்கிறது. அம்மாவையும் இப்படித்தானே புதைத்தார்கள் என்கிறது. அண்ணன் மறைத்து வைத்த செய்தி அதற்கு முன்பே தெரிந்திருக்கிறது.

"மாயா" கற்பனைக் கப்பலன்று. கோபே நகரத்துக் காவாசாகித் தளத்தில் கட்டப்பட்டது. அந்நகருக்குப் பின்னே உயர்ந்து நிற்கும் மலையின் பெயரே அதற்கு இடப்பட்டது. அம்மலைக்கோ, அங்குள்ள கோயிலால், புத்தரைப் பெற்ற மாயாதேவியின் பெயர் வாய்த்தது. கொல்லாமை பேசியவனின் தாய் பெயரைப் பீரங்கிக் கப்பலுக்குச் சூட்டியது மனித அறிவின் விந்தைகளுள் ஒன்று. 1942-ஆம் ஆண்டில் ஜாவாவுக்குத் தெற்கே போரிட்ட இக்கப்பல், 1944-ஆம் ஆண்டு அக்டோபர் 23-ஆம் நாள் பலவான் தீவருகே அமெரிக்க நீர்மூழ்கியால் மூழ்கடிக்கப்பட்டது. தந்தை பின்னாளில் வேறு கப்பலுக்கு மாறியிருக்கலாம். படம் அதைச் சொல்லவில்லை. மாறவில்லையென்றால், ஸெய்தா கடிதம் எழுதி மறுமொழிக்குக் காத்திருந்த நாளெல்லாம், அவர் ஏழெட்டு மாதங்களுக்கு முன்பே கடலடியில் கிடந்தவர். நாடு சரணடைந்த செய்தியும் கப்பற்படை அழிந்த செய்தியும் அவனுக்கு வங்கியில் பணம் எடுக்க நிற்கும்போதுதான் தெரிகின்றன. போர் முடிந்து விட்டது. அவன் தங்கைக்கு இன்னும் உயிர் இருக்கிறது. 3,000 யென் கையில் வந்த பின்னர், அவள் சாகிறாள்.

இங்கே படத்தின்மேல் நமக்குள்ள குறையையும் சொல்லிவிட வேண்டும். கோபேக்கு விமானங்கள் ஏன் வந்தன? கப்பல் தளங்கள் இருந்தன என்பது ஒரு பகுதி விடை. மர வீடுகளில் மக்கள் நெருங்கி வாழ்ந்தனர், அவற்றை எரித்தால் நாடு பணியும் என்று அமெரிக்கத் தளபதிகள் கணக்கிட்டது மறுபகுதி. அக்கணக்குக் கொடுங்கணக்கு, 1945-ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஒரே இரவில் தோக்கியோவில் ஏறக்குறைய 1,00,000 பேரைத் தின்ற கணக்கு. ஆனால் அதற்கும் முன்னே நான்ஜிங் இருந்தது, சிங்கப்பூர் இருந்தது, சயாம் பாதை இருந்தது. இவற்றுள் ஒன்றுக்கும் இப்படத்தில் ஒரு சொல் இல்லை. பதினான்கு வயதுப் பையனுக்கு அவை தெரியா, அவன் கண்ணால் காணும் படத்தில் அவை வர நியாயமில்லை என்று வாதிக்கலாம். வாதம் சரிதான். எனினும் கப்பல் ஒளியைக் காட்டத் தெரிந்த கலைஞர், அந்தக் கப்பல் எங்கே போயிற்று என்று ஒரே ஒரு கேள்வியையேனும் யார் வாயிலாவது வைத்திருக்கலாம். வைக்காமையால், நாங்களும் துன்பப்பட்டோம் என்று சொல்லித் தப்ப விரும்பும் ஜப்பானியருக்கு இப்படம் பயன்பட இடமுண்டு.

ஆனால் இக்குறையைக் காட்டிப் படத்தையே தள்ளுவோர் பக்கமும் நாம் சேரமாட்டோம். உலகப் படங்களில் நம்மவரை மறந்தது ஜப்பானியர் மட்டுமா? அதே சயாம் பாதையைப்பற்றி 1957-ஆம் ஆண்டில் வெளிவந்த "குவாய் நதிப் பாலம்" வெள்ளைக் கைதிகளின் மானத்தையும் சீழ்க்கை ஒலியையும் உலகுக்குக் கொண்டாடிக் காட்டியது. அங்கே அவர்களைவிடப் பன்மடங்கு மிகுதியாக மாண்ட ஆசியத் தொழிலாளருக்கு அதில் இடம் எங்கே? நம் கதையை நாமே சொல்லாமல் பிறர் படத்தில் தேடுவது, அடுத்தவன் வீட்டுச் சுவரில் நம் பாட்டனார் படத்தைத் தேடுவது போன்றது.

மேலும், மூலக்கதை பிறந்த வகையை அறிந்தவர், இதைச் சாக்குச் சொல்லும் படைப்பு என்று தள்ள முடியாது. நோசாகாவும் கோபேயில் எரிந்த வீட்டிலிருந்து ஓடிய சிறுவரே. இரண்டு வயதும் நிரம்பாத தங்கையைக் காக்கும் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. அக்குழந்தை 1945-ஆம் ஆண்டிலேயே பட்டினியால் இறந்தது. கதையில் வரும் அண்ணனைப்போல் தாம் அன்பாக இருந்ததில்லை என்றும், குழந்தைக்கு உரிய உணவைத் தாமே தின்றதுண்டு என்றும் பிற்காலத்தில் அவரே எழுதினார். ஆக, ஸெய்தா தங்கைக்கு ஊட்டும் ஒவ்வொரு வாயும், எழுத்தாளர் ஊட்டாமற்போன வாய். அவனைக் கதையில் சாகவிட்டவர், தாம் 2015-ஆம் ஆண்டு வரை வாழ்ந்தார். பகைவன்மேல் பழி போட எல்லா வசதியும் இருந்த இடத்தில், தம்மேல் போட்டுக்கொண்ட ஒருவரின் எழுத்து இது. படமும் பழியைத் தலைவிதியின்மேல் போடவில்லை. இந்த அரிசி இன்ன கைக்குப் போயிற்று, இந்த மருத்துவர் இன்னது சொல்லிக் கையைக் கழுவினார் என்று ஒவ்வொன்றாக எடுத்துவைக்கிறது. ஊட்டமான உணவு கொடு என்கிறார் மருத்துவர். ஊட்டமான உணவுக்கு எங்கே போவேன் என்று பையன் கத்துகிறான். மருத்துவர் அடுத்த நோயாளியைப் பார்க்கிறார்.

பகைவன் வீட்டுக் குழந்தைக்காக அழலாமா என்ற கேள்விக்கு வருவோம். ஸெட்ஸுகோ மண்ணைப் பிடித்து உருண்டையாக்கிச் சோறென்று அண்ணனுக்கு நீட்டுகிறாள். விளையாடும் கோலிக்குண்டை மிட்டாயென்று வாயில் அடக்கியிருக்கிறாள். இந்தக் கட்டத்தில் அவள் ஜப்பானியப் பிள்ளை என்பது நமக்கு எந்த வகையில் தெரியும்? பசித்த குழந்தை வாயில் கிடைத்ததைப் போட்டுக்கொள்வது தோட்டத்து லயத்திலும் அப்படித்தான் நடந்தது. தகப்பனைச் சயாமுக்கு அனுப்பிவிட்டுக் கிழங்கு வேரைச் சுரண்டித் தின்ற பிள்ளைகள் நம்மிடையே இருந்தார்கள். அவர்களை அந்நிலையில் வைத்த ஆட்சியும், ஸெட்ஸுகோவின் தட்டில் கஞ்சியை நீர்த்துவிட்ட ஆட்சியும் ஒன்றே. ஆதலின் நாம் அவளுக்காக அழலாம். அவள் தந்தையின் கப்பலுக்காக அழ வேண்டியதில்லை. படத்தைக் கூர்ந்து பார்ப்பவர் இவ்விரண்டையும் பிரித்துக் காண முடியும். அவ்வாறு பிரித்துக் காண்பதற்கு வேண்டிய நேர்மையைப் படமே தந்திருக்கிறது என்பதால்தான் இதை உயர்ந்த படைப்பென்று கூறுகிறோம்.

கலைத்திறம்பற்றிச் சில சொற்கள். ஜப்பானிய மொழியில் மின்மினியைக் குறிக்கும் வழக்கமான எழுத்தை விடுத்து, தீ என்றும் தொங்கி விழுதல் என்றும் பொருள்படும் எழுத்துகளால் தலைப்பை எழுதினார் நோசாகா. மின்மினியும் வானிலிருந்து உதிரும் தீக்குண்டும் ஒரே சொல்லாகிவிட்டன. ஓவியர்கள் உருவங்களின் ஓரங்களைக் கருங்கோட்டால் வரையாமல் பழுப்புக் கோட்டால் வரைந்ததால், காட்சி முழுவதும் பழைய நிழற்படம்போல் கனிந்திருக்கிறது. ஸெட்ஸுகோவுக்குக் குரல் கொடுத்தது சிறு குழந்தையே. வளர்ந்த பெண் மழலை பேசி நடித்ததன்று. இசையும் பெரும்பாலும் அடங்கியே இருக்கிறது. தங்கையை எரிக்கக் கரி விற்கும் கடைக்காரர், இப்படி அடுக்கினால் நன்றாக எரியும் என்று சமையற்குறிப்புச் சொல்வதுபோல் சொல்லும் இடத்தில் பிடில் ஒன்றும் அழவில்லை. குளத்துக்கு அக்கரையில், போர் முடிந்து மாளிகைக்குத் திரும்பிய செல்வர் வீட்டுப் பெண்கள் கிராமபோனில் ஆங்கிலப் பாட்டு வைக்கிறார்கள். வீடே இனியது என்னும் பாட்டு. அது குளத்தைக் கடந்து வெற்றுப் பதுங்குகுழிக்கு வந்து சேர்கிறது. (அந்த மிட்டாய்த் தகரத்தில் ஸெட்ஸுகோவின் படத்தையே அச்சிட்டுப் பிற்காலத்தில் விற்றார்கள். வணிகத்தின் வயிறு எதையும் செரிக்கும்!)

முடிவில் இரண்டு ஆவிகளும் குன்றின்மேல் பலகையில் அமர்ந்து, அடுக்குமாடிகள் நிறைந்த புதிய கோபேயின் விளக்குகளைப் பார்க்கின்றன. அங்கிருந்து எவரும் இவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை.

நேயர்களுக்கு இரு வேண்டுகோள். சித்திரப்படமென்று எண்ணிச் சிறு பிள்ளைகளைத் தனியே இதன்முன் உட்கார வைத்துவிடாதீர்கள்; பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டவரென்றால் உடனிருந்து காட்டுங்கள். ஆங்கிலக் குரல் சேர்த்த பிரதியும் கிடைக்கிறது. அதை விடுத்து, கீழே எழுத்து ஓடும் ஜப்பானியப் பிரதியையே பாருங்கள். பொருள் விளங்காவிட்டாலும் அக்குழந்தை அண்ணனைக் கூப்பிடும் குரலை அதன் சொந்த மொழியிலேயே கேட்க வேண்டும்.